பத்துப் புள்ளிக்குள் தோற்றால் போதும்

என் கணவரைச் சனம் சூதாடி என்று சொல்லித் திரிந்த காலத்தில் நான் அதை ஒருநாளும் மறுக்கவில்லை. கேட்பவர்களுக்கு முன்னால் ஒரு பெருமூச்சும் விட்டுக் காட்டினேன். எனக்கு நடிப்பெல்லாம் வராது என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் அந்தப் பெருமூச்சு மிக நன்றாக வந்தது.

உண்மை என்னவென்றால் இவருக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. பல வருடமாகக் கவனியாமல் விட்ட இரத்த அழுத்தம் செய்த வேலை அது. திங்கள், புதன், வெள்ளி மத்தியானங்களில் லண்டனில் எங்கள் வீடு இருக்கும் மிச்சம் என்ற இடத்திலிருந்து ட்ராம் பிடித்து டயாலிசிஸுக்குப் போவார். நான்கு மணித்தியாலம் ஒரு சாய்வுக் கதிரையில் இருப்பார். இரத்தம் ஒரு குழாயால் வெளியே போய், இயந்திரத்தில் சுத்தமாகி, இன்னொரு குழாயால் திரும்பி வரும். அந்த இடம் ஆஸ்பத்திரிக்குள் இல்லை. அங்கே இடம் போதாமல் கடைத்தெருவில் ஒரு கட்டடம் எடுத்திருந்தார்கள். அதற்கு ஒரு பக்கம் தரைக் கம்பளம் விற்கும் கடை, மறுபக்கம் குதிரைக்கும் பந்தாட்டத்துக்கும் பந்தயம் கட்டும் பெட்டிங் கடை.

இதை யாருக்கும் சொல்வதில்லை என்று இருவரும் பேசி முடிவெடுத்தோம். மகளுக்கு அப்போதுதான் சம்பந்தம் பேசத் தொடங்கியிருந்தோம். எங்கள் ஆட்கள் சாதகத்தைக் கையில் வாங்கியதும் அடுத்ததாக விசாரிப்பது பெண்ணைப் பெற்றவர்களின் உடம்பை. தகப்பனுக்குக் கிட்னி இல்லையாம் என்று ஒரு வாய் சொன்னால், பரம்பரை வருத்தமாக்கும் என்று அடுத்த வாய் சொல்லும். இது பரம்பரையாக வருவதல்ல என்று டாக்டர் எங்களுக்கு விளக்கமாகச் சொன்னார். அதற்காக அவர் வந்து ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று சொல்லப் போகிறாரா?

இவருக்கு ஒரே ஒரு தம்பி. வடக்கு லண்டனில், எட்மண்டனில் குடும்பத்தோடு இருக்கிறார். அவருக்குக்கூடச் சொல்லவில்லை. தம்பிக்குச் சொன்னால் தம்பியின் மனைவிக்குச் சொன்ன மாதிரி. அவளுக்குச் சொன்னால் டொரொன்டோவுக்கும் பாரிசுக்கும் சொன்ன மாதிரி.

அப்படி இருக்கையில் ஒரு புதன்கிழமை, ஊசி கழற்றிக் கையில் கட்டுப் போட்டபடி இவர் வெளியே வந்தபோது, எதிர்த்த நடைபாதையில் கோயில் நிர்வாக சபையில் இருக்கும் ஒருவர் வந்துகொண்டிருந்தார். திரும்பி உள்ளே போகலாம் என்றால் வாசலில் பெயர்ப்பலகை கொட்டை எழுத்தில் தொங்குகிறது. இவர் சட்டென்று அடுத்த கதவைத் தள்ளிக்கொண்டு பெட்டிங் கடைக்குள் போய்விட்டார். உள்ளே திரை முழுவதும் குதிரைகள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் என்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். சும்மா நிற்கக் கூடாதே என்று ஒரு பவுண் கொடுத்து வாயில் வந்த குதிரையின் பெயரைச் சொல்லியிருக்கிறார். அந்தக் குதிரை இன்னும் ஓடி முடியவில்லை என்று இப்போதும் சொல்லிச் சிரிப்பார்.

நிர்வாக சபைக்காரர் கண்ணாடியூடாக நன்றாகவே பார்த்துவிட்டார். அடுத்த ஞாயிறு கோயிலில், நோர்பரியிலிருந்து வரும் ஒரு அக்கா என்னைத் தூணுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். அறுபது வயதிருக்கும். பட்டுச் சேலை, நெற்றி நிறைய விபூதி, எல்லோர் வீட்டுக் கதையிலும் அக்கறை. அவருடைய கணவர் வேலை விஷயமாகக் கனடாவில் இருப்பதாகச் சொல்வார். தனியாகவே வந்து போவார்.

"பிள்ளை, சொல்லவும் கூடாது, சொல்லாமல் இருக்கவும் ஏலாது," என்றார். "உம்மட மனிசனைப் பெட்டிங் கடையில கண்டவையாம். அந்தக் கம்பளக் கடைப் பக்கம். உண்மையோ?"

எனக்கு முகம் கொதித்தது. வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றியும் கழற்றாமலும், "இனி எல்லாருக்கும் உண்மையைச் சொல்லுவம், இந்தப் பேர் எனக்கு வேண்டாம்," என்று இவரிடம் கத்தினேன்.

இவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு, "விடும், நல்லதுதானே," என்றார்.

"என்ன நல்லது? சூதாடியிட மகளை ஆர் எடுப்பினம்?"

"சூது இரத்தத்தில வராது எண்டு எல்லாருக்கும் தெரியும். இஞ்சரும், சூதாடி எண்டால் சனம் அவன் எப்பவோ ஒருநாள் திருந்துவான் எண்டு பாத்துக்கொண்டு இருக்கும். கிட்னி போனவன் எண்டால் இப்பவே கதையை முடிச்சுப்போடும்."

அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இப்படித்தான் என் வீட்டில் ஒரு சூதாடி உருவானார். மகள் இதைக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தாள். "அம்மா, அப்பா, யூ போத் ஆர் மேட்," என்றாள். அவள் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். எங்கள் இரண்டு பேரையும் அவள் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

பெயர் வந்த பிறகு ஒரு சிக்கலும் கூட வந்தது. ஒரு பிறந்தநாள் விழாவில் யாரோ இவரைத் தனியே அழைத்து, இந்தக் கிழமை எந்த அணியில் காசு கட்டலாம் என்று இரகசியமாகக் கேட்டிருக்கிறார். இவர் திருதிருவென்று முழித்திருக்கிறார். சூதாடி என்று பெயர் எடுத்த பிறகு ஒன்றும் தெரியாத சூதாடியாக இருப்பது வெட்கம் என்று இவருக்குப் பட்டது. டயாலிசிஸ் நிலையத்தில் இவருக்கு ஊசி ஏற்றும் தாதி பிலிப்பைன்ஸ்காரி. அங்கே குழந்தை தவழத் தொடங்கியதுமே கூடைப்பந்தைக் கையில் கொடுத்துவிடுவார்கள் போல. அமெரிக்கக் கூடைப்பந்து என்றால் அந்தப் பெண் ஊசியைக் கையில் பிடித்தபடியே பேசிக்கொண்டு நிற்பாள். இவர் அவளிடம் கேட்டாராம், இருப்பதிலேயே மோசமான அணி எது என்று. அவள் சிரித்துவிட்டு ஒன்றைச் சொன்னாள்.

அந்த அணி பெரிய ஆட்டக்காரர்கள் எல்லோரையும் வேறு அணிகளுக்கு விற்றுவிட்டிருந்தது. அதற்குப் பதிலாகப் பத்தொன்பது, இருபது வயதுப் பையன்களை வாங்கி வைத்திருந்தது. கடைசியில் வரும் அணிக்குத்தான் அடுத்த வருடம் வரும் புதுப் பையன்களில் நல்லவனைப் பிடிக்கக் கூடிய வாய்ப்பாம். அதனால் இப்போது தோற்பதைப் பற்றி அவர்களுக்குப் பெரிய கவலை இல்லை. நாலைந்து வருடத்தில் எழும்புவார்கள் என்று கணக்கு. இதற்கு ரீபில்டிங் என்று பெயராம். வீட்டைப் பிரித்துப்போட்டுவிட்டுக் கூரை இல்லாமல் குடியிருக்கிற மாதிரி என்று நான் நினைத்தேன்.

"தோற்கிறவைக்கு ஆரும் காசு கட்டுவினமோ?" என்று கேட்டேன்.

"வெல்லுவினம் எண்டு இல்லையப்பா. பெட்டிங் கடைக்காரன் ஒரு கணக்குச் சொல்லுவான். இண்டைக்கு இவை பத்துப் புள்ளிக்கு மேல தோற்பினம் எண்டு. நான் பத்துக்குள்ளதான் தோற்பினம் எண்டு கட்டுவன். ஒன்பதால தோத்தால் எனக்கு வெற்றி."

"தோத்தும் வெற்றியோ?"

"ஓம். தோத்தும் வெற்றி."

ஒவ்வொரு முறையும் டயாலிசிஸ் முடிந்து வரும்போது பக்கத்துக் கடையில் ஒரு கோப்பிக்காசைக் கட்டிவிட்டு வருவார். அங்கே ஆட்டம் நடக்கும்போது இங்கே நாங்கள் நித்திரை. அடுத்த முறை கதிரையில் சாய்ந்த பிறகுதான் மகள் ஏற்பாடு செய்து கொடுத்த டாப்லெட்டில் அந்த ஆட்டத்தைப் பார்ப்பார். அதுவரை முடிவைத் தெரிந்துகொள்ள மாட்டார். தாதிக்குக் கண்டிப்பான உத்தரவு, ஒன்றும் வாய் திறக்கக் கூடாது என்று. அவளுக்கு முடிவு தெரியும். முகத்தை வேறு பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு ஊசி ஏற்றுவாள்.

எனக்கு இது பிடிக்கவில்லை. காசுக்காக இல்லை, அது சில்லறைதான். உடம்பு இப்படிக் கிடக்கும்போது, எங்கேயோ இருக்கிற தெரியாத பையன்களைப் பற்றி இவ்வளவு யோசனையா என்று எரிச்சல். எந்தப் பையனுக்குக் கணுக்கால் சுளுக்கு, எவனுக்குத் தாய் சுகமில்லை என்பதெல்லாம் இவருக்குத் தெரியும். என்னுடைய மாத்திரையின் பெயர் தெரியாது. ஒருநாள் சண்டையில் அதைச் சொல்லியும் காட்டினேன். இவர் கோபிக்கவில்லை. "நாலு மணித்தியாலம் இயந்திரத்தைப் பாத்துக்கொண்டு இருந்தால் எனக்கு விசர் பிடிக்கும். அங்க போக எனக்கு ஒரு காரணம் வேணும்," என்றார்.

அந்தக் காரணம் நான்தான் என்று நினைத்திருந்தேன். நானும் மகளும் போதாதா என்று மனதுக்குள் குமுறினேன். அது சரியில்லை என்று இப்போது தெரிகிறது. ஒரு மனிதனுக்குத் திங்கட்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு ட்ராம் ஏறுவதற்கு மனைவி மீதான அன்பு மட்டும் போதாது. அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாத ஏதோ ஒன்றும் வேண்டியிருக்கிறது.

சில ஞாயிறுகளில் அமெரிக்காவில் மத்தியானமே ஆட்டம் தொடங்கும். எங்களுக்கு அது பின்னேரம். ஒரு ஞாயிறு மாசியில், வெளியே மழை பெய்துகொண்டிருக்க, இவரோடு சேர்ந்து முழு ஆட்டத்தையும் பார்த்தேன். கையில் உடுப்பு மடிக்கும் வேலை. முதலில் அரைக் கண்தான் போனது. எங்கள் அணி வழமைபோல் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தது. கடைசிப் பகுதியில் எதிரணி தன் பெரிய ஆட்டக்காரர்களை வெளியே எடுத்து உட்கார வைத்துவிட்டது. பார்க்க வந்த சனம் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு எழும்பி நடக்கத் தொடங்கிவிட்டது. ஆட்டம் முடிந்த கணக்குத்தான். ஆனால் எங்கள் பையன்கள் ஓடிக்கொண்டே இருந்தார்கள். யாரும் பார்க்காத ஆட்டத்தில் ஏன் இப்படி ஓடுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. இடைவெளி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. மணி அடிக்கப் போகும் தருணத்தில், மெலிந்து நெடுத்த ஒரு பையன் தூரத்திலிருந்து எறிந்தான். பந்து கூடைக்குள் போய் விழுந்தது. ஒன்பது புள்ளியால் தோற்றார்கள்.

நாங்கள் இருவரும் எழுந்து நின்று கத்தினோம். மடித்த உடுப்பெல்லாம் நிலத்தில். மகள் மேல் மாடியிலிருந்து ஓடி வந்து யாருக்கு என்ன என்று கேட்டாள். அந்த அரங்கத்தில் அந்தக் கடைசிப் பந்தைப் பற்றி எவருக்கும் ஒன்றுமில்லை. இங்கே மிச்சம் ஊரில் ஒரு வீட்டில் மட்டும் அது வெற்றி.

பிறகு குசினிக்குள் போய்த் தேநீர் போடும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இவர் செத்துப்போகக் கூடாது என்று அன்றைக்குத்தான் எனக்கு வாய்விட்டுச் சொல்லத் தோன்றியது. அதுவரை சம்பந்தம், சாதகம், சனம் என்ன சொல்லும் என்பதைப் பற்றியெல்லாம் பயந்தேனே தவிர, இதைப் பற்றிப் பயப்பட எனக்கு நேரமே இருக்கவில்லை.

டயாலிசிஸ் ஒரு காலத்துக்குத்தான் தாங்கும், ஒரு சிறுநீரகம் கிடைப்பதே நல்லது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். முதலில் நான்தான் கொடுக்கப் போனேன். எனக்குச் சலரோகம், அதாவது நீரிழிவு. பரிசோதனை அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. ஒன்பது பொருத்தம் பார்த்துச் செய்த கல்யாணம், வேண்டிய ஒரு பொருத்தத்தைப் பார்க்காமல் விட்டுவிட்டார்கள் என்று இவர் பகிடி விட்டார். மகள் தான் தருவதாகச் சொன்னாள். பகிடி எல்லாம் நின்றது. "உன்ர உடம்பில எனக்காக ஒரு கத்தியும் படக் கூடாது. அப்பிடி எண்டால் நான் இந்த ஊசியையும் நிப்பாட்டிப்போடுவன்," என்றார். அவள் கதவை அடித்துச் சாத்திவிட்டு மேலே போனாள். இரண்டு பேரும் ஒரே குணம். நான் நடுவில்.

பிறகு இருந்தது காத்திருப்போர் பட்டியல். அதைக் கவனிக்கும் தாதி எங்களிடம் ஒளிக்காமல் சொன்னாள். நம் நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கு நம் ஆட்களின் உறுப்புத்தான் கூடுதலாகப் பொருந்தும். ஆனால் நம் ஆட்களில் கொடுப்பவர்கள் குறைவு. அதனால் காத்திருப்பு நீளம். "உங்கள் உறவினர்களிடம், கோயிலில், எல்லோரிடமும் சொல்லுங்கள்," என்றாள். நாங்கள் இருவரும் தலையை ஆட்டினோம். ட்ராமில் வரும்போது அதைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை.

தம்பியிடம் கேட்போம் என்று நான் வீட்டில் இரண்டு மூன்று முறை தொடங்கினேன். இவர் விடவில்லை. "அவன் சின்னப் பிள்ளையளை வைச்சிருக்கிறான். நான் கேட்டால் அவனால இல்லை எண்டு சொல்ல ஏலாது. அப்பிடிக் கேக்கிறது பாவம்," என்றார். அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் கேட்பது வேறு, சொல்வது வேறு என்று எங்கள் இருவருக்குமே அப்போது தோன்றவில்லை.

இதற்கிடையில் சூதாடிக் கதை எட்மண்டனுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. தம்பி தொலைபேசியில் அண்ணனை வாயில் வந்தபடி ஏசினார். இவர் "ஓம், ஓம், விடுறன்," என்று சொல்லிக்கொண்டே கேட்டார். அதன் பிறகு தம்பி எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார். பொங்கலுக்கும் வரவில்லை. மகளின் பிறந்தநாளுக்கும் வரவில்லை. கோயிலில் நோர்பரி அக்கா மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். "உம்மட மனிசன் இன்னும் அங்க போறவரோ?" என்று ஒவ்வொரு ஞாயிறும் கேட்பார். போவார் என்றால் ஒரு முகம் காட்டுவார். சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் விளக்குப் போடச் சொல்வார். அந்த மனிசியைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உலகத்தில் இத்தனை சனம் இருக்க, என் வீட்டுச் சூதாடி மேல்தானா இவ்வளவு கரிசனை என்று வாய்க்குள் திட்டுவேன்.

டயாலிசிஸ் முடிந்தால் இவருக்குத் தலை சுற்றும். வெள்ளிக்கிழமைகளில் எனக்கு அரை நாள் வேலை, நான் போய்க் கூட்டி வருவேன். அப்படி ஒரு வெள்ளி, பிளாஸ்கில் இடியப்பக் கஞ்சியோடு வாசலுக்குப் போகும்போது பின்னால் ஒரு குரல். "அண்ணி!" திரும்பிப் பார்த்தால் தம்பி. அண்ணனைக் கையும் களவுமாகப் பிடித்து நாலு கேள்வி கேட்பதென்று வேலைக்கு லீவு போட்டுவிட்டு எட்மண்டனிலிருந்து வந்திருக்கிறார். பெட்டிங் கடைக்குள் தேடிவிட்டு வெளியே வந்தவர் கண்ணில் நான் பட்டுவிட்டேன்.

"இஞ்ச என்ன செய்யிறியள் அண்ணி? அண்ணை எங்க?"

என் வாயில் ஒரு பொய்யும் வரவில்லை. கதவைத் திறந்து பிடித்தேன். அவர் உள்ளே வந்தார். வரிசையாகக் கதிரைகள், வரிசையாக இயந்திரங்கள். மூன்றாவது கதிரையில் இவர், கையில் இரண்டு குழாய், மடியில் டாப்லெட். நிமிர்ந்து தம்பியைப் பார்த்தார்.

"வா, இரு. மாட்ச் முடியேல்லை," என்றார்.

தம்பி இருக்கவில்லை. குழாய்க்குள் போகும் இரத்தத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அந்த இடத்திலேயே, தாதிமார் எல்லோரும் பார்க்க, ஓங்கி அழுதார். "சூதாடுறியள் எண்டு நான் உங்களோட கதைக்காமல் இருந்தனான் அண்ணை. பொங்கலுக்கு வரேல்லை அண்ணை. இதைவிட உண்மையா நீங்கள் சூதாடியிருக்கலாமே!" இவர் ஊசி இல்லாத கையால் தம்பியின் கையைத் தடவிக்கொண்டே இருந்தார். டாப்லெட்டில் பையன்கள் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

அன்றே தம்பி தான் தருவதாகச் சொன்னார். அண்ணன் வேண்டாம் என்றதற்கு, "உங்களிட்ட ஆர் கேட்டது?" என்று அதட்டினார். பரிசோதனைகள் ஒவ்வொன்றாக நடந்தன. இரத்தப் பிரிவு சரி. மற்றப் பொருத்தமும் நல்லது என்றார்கள். நெடுநாளைக்குப் பிறகு வீட்டில் கொஞ்சம் சத்தமாகச் சிரித்தோம். பிறகு ஒருநாள் எங்கள் மூன்று பேரையும் கூப்பிட்டார்கள். தம்பிக்கும் சலரோகம் தொடங்கிவிட்டிருந்தது. அவருக்கே அது தெரியாது. எடுக்க முடியாது, எடுத்தால் அவருடைய சிறுநீரகமும் பின்னாளில் பழுதாகும் என்றார் டாக்டர். கடைசியாக எப்போது இரத்தம் சோதித்தீர்கள் என்று கேட்டார். தம்பி யோசித்துவிட்டு, இரண்டு வருடத்துக்கு முதல் என்றார். அப்போது இரத்தத்தில் சீனி எப்படி இருந்தது? எல்லாம் நல்லாத்தான் இருந்தது என்றார்.

டாக்டர் அதை எழுதிக்கொண்டார். இரண்டு வருடத்துக்கு முதல் என்றால், நாங்கள் தம்பிக்குச் சொல்ல வேண்டாம் என்று முடிவெடுத்த காலம். லிப்டில் இறங்கும்போது மூன்று பேரும் கதவில் தெரிந்த எங்கள் பிம்பத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கீழே வந்ததும் இவர் தம்பியிடம் முதலில் சொன்னது, "இனிச் சோத்தைக் குறை," என்பதுதான். அன்று எனக்கு வந்த கோபத்தை யார் மேல் கொட்டுவதென்று தெரியவில்லை. கல்யாணத் தரகர் மேல், கோயில் சனத்தின் மேல், என் பெருமூச்சின் மேல் எல்லாம் கோபம்.

அந்த வாரம் எங்கள் பையன்கள் இரண்டு ஆட்டம் தொடர்ந்து வென்றார்கள். இவர் பத்துக்குள் தோற்பார்கள் என்றுதான் கட்டியிருந்தார். வென்றாலும் அதற்குக் காசு உண்டாம். அதை என்னிடம் சொல்லும்போது இவருக்கு உற்சாகம் இல்லை. டாப்லெட்டை மூடி வைத்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு கோயிலில் அன்னதானம். மண்டபத்தில் நீள மேசைகளில் சனம் நிறைந்திருந்தது. நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். நோர்பரி அக்கா தட்டோடு வந்து எனக்கு நேரெதிரே அமர்ந்தார். சாம்பார் ஊற்றுகிறவர் போன பிறகு, மெல்லக் குனிந்து, "என்ன பிள்ளை, மனிசன் இன்னும் அங்க போறவரோ?" என்றார்.

எனக்குள் ஏதோ அறுந்தது. மேசை முழுவதற்கும் கேட்கும்படிதான் சொன்னேன்.

"ஓம் அக்கா, போறவர். திங்கள், புதன், வெள்ளி. சூதாட இல்லை, இரத்தம் சுத்தம் பண்ண. அவருக்கு ரெண்டு கிட்னியும் வேலை செய்யேல்லை. பக்கத்தில பெட்டிங் கடை இருக்கு, அதைத்தான் நீங்கள் எல்லாரும் கண்டனீங்கள். எனக்குச் சலரோகம், தம்பிக்கும் சலரோகம், எங்களால குடுக்க ஏலாது. நான் உங்கள் எல்லாரிட்டையும் கேக்கிறன். ஆருக்காவது குடுக்க மனமிருந்தால், குடுக்கக் கூடிய ஆரையும் தெரிஞ்சிருந்தால், எனக்குச் சொல்லுங்கோ."

மகளின் சாதகத்தை வாங்கிப் போயிருந்த ஒரு அம்மா தன் தட்டைக் குனிந்து பார்த்தார். அவ்வளவுதான், அந்தச் சம்பந்தம் போயிற்று என்று எனக்கு விளங்கியது. போகட்டும் என்று இருந்தது. இரண்டு மேசை தள்ளி இருந்த ஒருவர் எழுந்து நின்று, "என்ன இரத்தக் குறூப் தங்கச்சி?" என்று கேட்டார். சொன்னேன். இன்னொருவர் வயது எல்லை கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். நோர்பரி அக்கா மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. சோற்றைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போனார். சபையில் வைத்து அவமானப்படுத்திவிட்டேன், கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். அதற்காக எனக்குக் கொஞ்சமும் வருத்தம் வரவில்லை.

வெளியே செருப்பு வைக்கும் இடத்தில் அவர் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றார். கையில் செருப்பு. போடவில்லை.

"பிள்ளை, எங்கட அவர் கனடாவில எண்டு நான் எல்லாருக்கும் சொல்லுறனான்," என்றார்.

"ஓம் அக்கா."

"அவர் கனடாவில இல்லை. வீட்டிலதான் இருக்கிறார். நாலு வருசமா." சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலை இன்னும் தாழ்த்தினார். "உம்மட அவருக்குத் திங்கள், புதன், வெள்ளி. எங்கட அவருக்குச் செவ்வாய், வியாழன், சனி. அதே இடம்தான். கம்பளக் கடைக்குப் பக்கத்தில. பெட்டிங் கடையில கண்டது எண்டு கேட்ட அண்டைக்கே எனக்கு விளங்கிப்போச்சு."

ஞாயிறுக்கு ஞாயிறு அவர் என்னிடம் கேட்ட கேள்வி காதில் வந்தது. அதை நான் குத்தல் என்று நினைத்துத் திட்டியது நினைவுக்கு வந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"தெரிஞ்சுமோ அக்கா? இவ்வளவு காலமும் ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீர் சொல்லுவீர் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான்," என்றார்.